கழுகுமலையில் இறங்கினேன்

எங்கள் ஆச்சி வீடு சங்கரன்கோவில். நாங்கள் இருந்தது கோவில்பட்டி. லீவு விட்டால் பஸ் ஏறிவிடுவோம். 20 கிலோமீட்டர் சொச்சம் போனதும் கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு மொட்டைப் பாறை எழும்பும். அதுதான் கழுகுமலை. பஸ் நின்றதும் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்வாள், ஜன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சு ஒரு கூறு வாங்குவாள். அவ்வளவுதான். நாற்பது வயது வரை அந்த ஊரில் என் கால் பட்டதில்லை.

போன பங்குனியில், உத்திரக் கூட்டம் கலைந்த பிறகு, இறங்கினேன்.

1986இல் ஜில்லாவைப் பிரித்ததில் ஊர் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. பேச்சைக் கேட்டால் பிரித்ததே தெரியாது. "மலைக்கா அண்ணாச்சி? இப்பமே ஏறிருங்க. பத்து மணிக்கு மேல பாறை கொதிக்கும்" என்றார் டீக்கடைக்காரர். சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ குடித்தேன். அதற்கான கூலி அப்புறம் கிடைத்தது.

முதலில் அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி. குடைவரைக் கோயில், மலையேதான் விமானம். சாமியைச் சுற்றி வர வேண்டுமென்றால் மலையைத்தான் சுற்ற வேண்டும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகன் மேல். பாத்திரம் துலக்கும்போது ஆச்சி முணுமுணுத்த மெட்டு எது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

பிறகு மேலே, வெட்டுவான் கோயில். கோயில் என்றால் அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்து. இங்கே பாறை விளிம்பில் நின்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பாறையை மூன்று பக்கமும் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் விட்ட கல்லையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். 'தென்னகத்து எல்லோரா' என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எல்லோராக் கைலாசம் எங்கே, நம் வீட்டு மாடியளவு இருக்கும் இது எங்கே? இதன் அழகே இது முடியாமல் நிற்பதுதான். சிகரத்தில் கொடியும் பூவும் நேற்றுச் செதுக்கியது போல இருக்கின்றன. கீழே வர வர உருவம் மங்கி, அடியில் வெறும் உளிக் கொத்தல். மேலிருந்து தொடங்கினால் சாரம் கட்டும் வேலை மிச்சம். ஆனால் கை ஒரு தடவை தவறினால் ஒட்டவைக்க வேறு கல் கிடையாது.

தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி. மௌனமாக உபதேசம் செய்கிறவராகவே பார்த்துப் பழகியவர், இங்கே மிருதங்கம் வாசிக்கிறார். அவர் முன்னால் அரைமணி நேரம் போனது.

வேலை ஏன் நின்றது? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "மேல தகப்பன், கீழ மகன். மகன் மொதல்ல முடிச்சிட்டான்னு சேதி வந்துச்சு. தகப்பன் ஆத்திரத்துல உளிய வீசிட்டான். பிள்ள போய்ட்டான். பொறவு யாரு கொத்துவா?" கூலி நின்றிருக்கும் என்பது என் யூகம். அதை அவரிடம் சொல்லவில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி, சமணச் சிற்பங்கள். பாறை நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், தலைக்கு மேல் முக்குடை. ஓரிடத்தில் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் அம்பிகா என்னும் சமண இயக்கி. அடியில் வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது, படித்தவர்கள் அச்சிட்டதைக் கையில் வைத்திருந்தேன். இன்னார் 'செய்வித்த திருமேனி' என்றே திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இன்னாரில் ராஜாக்களை விட ஆசிரியர்களும் மாணாக்கர்களும்தான் அதிகம். குரத்தியார் என்று பெண் ஆசிரியர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் திருச்சாரணத்துக் குரத்தியார். திருச்சாரணம் என்றால் இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. பஸ்ஸில் போனாலே அரை நாள் ஆகிற தூரம்.

பக்கத்தில் அய்யனார் இருக்கிறாரே என்று செருப்பைத் தொலைவிலேயே கழற்றியிருந்தேன். நிமிர்ந்தபோது மணி பதினொன்று. பாறை தோசைக்கல்லாகியிருந்தது. குதிகாலை ஊன்றி, நிழலுக்கு நிழல் தாவி, செருப்பைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. பெரியவர் சிரித்தார், ஆடுகளும் பார்த்தன.

அடிவாரத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பட்டை குடித்தேன். மூன்றாவதைக் காலில் ஊற்றிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.