கடைசிக் கோப்பையிலிருந்து தொடங்கிய விருந்து

எங்கள் 25-வது திருமண நாளுக்கு உணவகத்தில் மேசை பதிவு செய்தது மகள்தான். "அம்மா, சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன். ஒயினை மட்டும் நீ சொல்லிடு" என்று உணவுப் பட்டியலையும் ஒயின் பட்டியலையும் ஒரு வாரம் முன்பே என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டாள். நான் இரண்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"சாப்பிடவே இன்னும் போகலை, அதுக்குள்ள இனிப்பைப் பார்க்கறியே?" என்றார் கணவர். அவருக்கு இனிப்பு ஒயின் என்றாலே ஆகாது. பழச்சாற்றில் சர்க்கரைப் பாகு கலந்தது போல இருக்கும் என்பது அவர் எண்ணம். எப்போதோ, எங்கோ அப்படி ஒன்றைக் குடித்திருக்கிறார்.

நான் கடைசியிலிருந்து தொடங்கியதற்கும் ஒரு பழைய அனுபவம்தான் காரணம். பல வருடங்களுக்கு முன் ஒரு விருந்தில் நல்ல சிவப்பு ஒயின் ஒன்று கிடைத்தது. இறைச்சியோடு அருமையாக இருந்தது. பாதிக் கோப்பை மீதமிருக்கும்போது சாக்லேட் கேக் வந்தது. "இதே ஒயின் சாக்லேட்டுக்கும் நன்றாக இருக்கும்" என்றார் பரிமாறியவர். நம்பி, கேக்கில் ஒரு வாய் எடுத்துவிட்டு ஒயினைக் குடித்தேன். ஒரே புளிப்பு, அடியில் கசப்பு. பத்து நிமிடத்துக்கு முன்பிருந்த பழமும் மணமும் போன இடம் தெரியவில்லை. ஒயின் கெட்டுவிட்டதோ என்று கோப்பையை முகர்ந்து பார்த்தேன். மணம் அப்படியேதான் இருந்தது. மாறியது என் நாக்கு. சர்க்கரை பழகிய நாக்கில் இனிப்பில்லாத ஒயினின் பழச்சுவை எடுபடாது. புளிப்பும் துவர்ப்பும் மட்டுமே தூக்கலாகத் தெரியும். இனிப்போடு குடிக்கும் ஒயின் அந்த இனிப்பைவிடத் தித்திப்பாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாளை விசேஷமாகக் கொண்டாடப் போகிறீர்கள் என்றால் கடைசிக் கோப்பையை முதலில் தீர்மானித்துவிடுங்கள். சிவப்பை அதற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். சிவப்புக்கு அரை மணி நேரம் யோசிக்கிறோம். இனிப்பு வரும்போது வயிறும் நிறைந்திருக்கும், நாக்கும் களைத்திருக்கும், "போதும், காபி குடிப்போம்" என்று எழுந்துவிடுகிறோம். இந்த உலகத்திலேயே அதிக உழைப்பைக் கேட்கும் ஒயின்கள் சில அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் திறக்காமல் போவது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

உணவுப் பட்டியலில் ஆப்ரிகாட் டார்ட் இருந்தது, மாவுத் தட்டில் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்: சோட்டர்ன், 375 மில்லி அரைப் புட்டி.

சோட்டர்ன் பிரான்சில் போர்தோ நகரத்துக்குத் தெற்கே உள்ள சின்னப் பகுதி. அங்கே சிரோன் என்ற சிறிய ஆற்றின் குளிர்ந்த நீர், கரோன் என்ற பெரிய ஆற்றின் வெதுவெதுப்பான நீரில் வந்து கலக்கிறது. இலையுதிர் காலத்தில் அதனால் பனிமூட்டம் எழுந்து காலை முழுக்கத் தோட்டங்களின் மேல் படுத்துக் கிடக்கும். அந்த ஈரத்தில் திராட்சையின் மேல் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பிடிக்கும். மதியம் வெயில் வந்து காய வைக்கும். ஈரம் மட்டும் இருந்தால் பழம் அழுகிப் போகும். வெயில் மட்டும் இருந்தால் பூஞ்சையே பிடிக்காது. இரண்டும் மாறி மாறி வரும்போதுதான் பூஞ்சை தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டு, பழத்திலுள்ள நீரை வற்ற வைக்கிறது. சர்க்கரையும் புளிப்பும் மணமும் உள்ளே சுண்டிப்போய் நிற்கின்றன. எல்லாப் பழமும் ஒரே நாளில் சுண்டாது என்பதால், அறுவடை செய்பவர்கள் ஒரே வரிசைக்கு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து, தயாரான பழத்தை மட்டும் பொறுக்கிப் போகிறார்கள். அந்தப் பகுதியில், 1855-இல் போர்தோ ஒயின்களுக்குப் போட்ட தரவரிசையில் எல்லோருக்கும் மேலே தனியாக வைக்கப்பட்ட ஷாத்தோ திகெம் தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பது கணக்கு. பழம் சரியாக அமையாத ஆண்டில் அவர்கள் அந்தப் பெயரில் புட்டியே வெளியிடுவதில்லை. 2012 அப்படிப்பட்ட ஓர் ஆண்டு. (நாங்கள் வாங்கியது திகெம் இல்லை. அதே மூட்டத்தில் விளைந்த, எங்கள் கைக்கு எட்டிய ஒன்று.)

அப்புறம் சிவப்பு. மகள் எல்லோருக்கும் ஆட்டுத்தொடை வறுவல் சொல்லியிருந்தாள், மேலே ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு போட்டது. மிளகு என்றதும் சிரா திராட்சைதான் நினைவுக்கு வரும். பிரான்சின் ரோன் ஆற்றின் வடபகுதியில், கோத் ரோத்தி என்ற செங்குத்தான சரிவில் விளைந்தது ஒன்று பட்டியலில் இருந்தது. அந்தப் பெயருக்கே 'வறுபட்ட சரிவு' என்றுதான் அர்த்தம். சிவப்புத் திராட்சையோடு வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையையும் கொஞ்சம் சேர்த்து நொதிக்க வைக்க அங்கே அனுமதி உண்டு, 20 சதவீதம் வரைக்கும். அந்தக் கொஞ்சம்தான் ஒயினுக்கு ஒரு பூ மணத்தைத் தரும்.

உணவகத்தில் சிவப்புப் புட்டியைத் திறந்து எனக்கு ஒரு மிடறு ஊற்றினார் பரிமாறும் பெண். இந்த முதல் மிடறு நமக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக இல்லை. தக்கையிலிருந்து ஒரு வேதிப்பொருள் இறங்கி ஒயினைக் கெடுத்திருக்கலாம், அதைப் பார்க்கத்தான். கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். இது சுத்தமாக இருந்தது, ஆனால் சூடு அதிகம். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்று சொல்வார்களே, அது வீடுகளைச் சூடாக்கும் வசதி இல்லாத காலத்துக் குளிர்ந்த அறை. 16 முதல் 18 டிகிரிதான் அதற்குச் சரி. அதற்கு மேல் போனால் மதுவின் காரம் மூக்கில் ஏறி, பழம் அமுங்கிவிடும். ஒரு வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் கேட்டேன். சிவப்புக்கா என்பது போல ஒரு கணம் பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே கொண்டு வந்தார். பத்து நிமிடம் வைத்தோம். கோப்பைக்குள் வேறு ஒயினே வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

முதலில் வந்தது மிளகு. தட்டில் இருந்த மிளகு இல்லை, கோப்பையிலிருந்து. பின்னால் கறுப்பு ஆலிவ், கொஞ்சம் புகை, எங்கோ தூரத்தில் வயலட் பூ. "மிளகு தெரியுதா?" என்று கேட்டேன். மகள் உடனே தலையாட்டினாள். கணவர் மூக்கை உள்ளே விட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இல்லையே, ப்ளம் பழ வாசனைதான் வருது" என்றார். நான் கோப்பையை மாற்றிக் கொடுத்தேன். அதிலும் ப்ளம்தான்.

அவர் சொன்னது சரிதான். சிராவில் மிளகு மணம் தருவது ரோட்டன்டோன் என்ற பொருள். 2008-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதை அடையாளம் கண்டார்கள். மிளகில் இருப்பதும் அதேதான். அவர்கள் சோதித்துப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை, சோதனையில் வைத்த மிக அதிக அளவிலும். 25 வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம், இவர் அந்த ஐந்தில் ஒருவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே புட்டியிலிருந்து அவர் ஒரு ஒயினையும் நான் வேறொரு ஒயினையும் குடித்துக்கொண்டிருந்தோம். "அப்ப உனக்கு எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்டார். சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த இரவில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

ஆட்டிறைச்சி வந்ததும் ஒயின் இன்னும் மென்மையானது. டானின் என்று ஒயின்காரர்கள் சொல்வதற்கு நம் மொழியில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. இறைச்சி வந்துவிட்டால் துவர்ப்புக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்துவிடுகிறது, நம் நாக்கை விட்டுவிடுகிறது. கடுந்தேநீரில் பால் ஊற்றினால் துவர்ப்பு தணிவதும் இதே கணக்கில்தான். இறைச்சியின் கொழுப்பு வாயில் படிந்திருக்கும்போது ஒரு மிடறு ஒயின் அதைத் துடைத்தெடுக்கும், அடுத்த துண்டு முதல் துண்டு போலவே ருசிக்கும்.

மூன்று பேருக்குச் சிவப்பில் ஒரு புட்டி. அதற்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம், திரும்பிப் போக வாடகைக் காரும் சொல்லியாகிவிட்டது. இடையிடையே நிறையத் தண்ணீர் குடித்தோம். கடைசிக் கோப்பையை முதலில் தீர்மானித்தால் கிடைக்கும் இன்னொரு நன்மை இது: நடுவில் கை தானாகவே அளவோடு நின்றுவிடும்.

டார்ட்டுக்கு முன்னால் நீலப் பாலாடைக்கட்டியில் ஒரு சின்னத் துண்டு கேட்டு வாங்கினேன், ரோக்ஃபோர். கணவரை மனத்தில் வைத்துத்தான் அதைக் கேட்டேன். சோட்டர்ன் குளிர்ந்து வந்தது, சுமார் 10 டிகிரியில். சிறிய கோப்பை, 75 மில்லிதான். விளக்கடியில் பழைய தங்க நிறம். சுழற்றி நிறுத்தினால் கண்ணாடியில் மெதுவாக இறங்கியது. அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல அந்தக் கட்டியைக் கொஞ்சம் வாயில போடுங்க. உடனே இதைக் குடிங்க" என்றேன்.

உப்பும் காட்டமுமாக இருக்கும் அந்தப் பாலாடைக்கட்டி. அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு ஒயின் உள்ளே போனது. ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையைக் கீழே வைக்காமல் இரண்டாவது துண்டை எடுத்தார். உப்பு தித்திப்பைக் கரைத்தது, தித்திப்பு காட்டத்தை அடக்கியது, கடைசியில் நாக்கில் நின்றது ஆப்ரிகாட்டும் தேனும் இஞ்சியும். லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் பானம் அது, கிட்டத்தட்ட கோலா பானங்களில் உள்ள அளவு. இருந்தும் திகட்டாததற்குக் காரணம், சர்க்கரையோடு சேர்ந்து சுண்டிய அந்தப் புளிப்பு. எச்சில் ஊற வைத்து அடுத்த மிடறைக் கேட்கிறது.

"பாகு மாதிரி இல்லை" என்றார், வெகு நேரம் கழித்து.

மகள் டார்ட் வேண்டாம் என்று சாக்லேட் எடுத்திருந்தாள். சாக்லேட்டின் கசப்புக்கு முன்னால் சோட்டர்ன் நிற்காது, அதனால் அவளுக்கு மட்டும் ஒரு கோப்பை டானி போர்ட், மரப்பீப்பாயில் பழகிய போர்ச்சுகல் இனிப்பு ஒயின். நொதிக்கும்போதே பாதியில் திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவதால் அதில் சர்க்கரை தங்கிவிடுகிறது, மதுவும் 20 சதவீதம் அளவுக்கு ஏறிவிடுகிறது. வறுத்த கொட்டை, உலர்ந்த அத்தி, கேரமல். அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

அரைப் புட்டியில் கொஞ்சம் மிஞ்சியது. தக்கையை அடைத்துக் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள். இந்த வகை ஒயினைக் குளிர்பெட்டியில் வைத்தால் திறந்த பிறகும் சில நாள் தாங்கும்.

மூன்றாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு சின்னக் கண்ணாடிக் கோப்பைகளை மேசையில் வைத்து, மிச்சத்தை இரண்டிலும் ஒரே அளவு வருகிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.