மீன் கொதிக்கிற நேரத்தில் அருவியையும் பார்த்துவிட்டு வரலாம்

தர்மபுரி பைபாஸுக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் விடியும். நுழைவாயில் பலகையில் ஏதோ ஒரு ‘கார்டன் சிட்டி’ என்று எழுதியிருக்கும், பலகையின் காலில் ஒரு எருமை கட்டியிருக்கும். ஒரு பக்கம் மாடி வீடு, மறுபக்கம் மரவள்ளிக்காடு. சாப்பாட்டு ஆப்பைத் திறந்தால் ‘உங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை’ என்று மரியாதையாகச் சொல்லும். ஏழு மணி வாக்கில் சமையலறையிலிருந்து ஒரு குரல் வரும்: “இன்னைக்கு நான் அடுப்பு பத்த வைக்கிறதா இல்ல.” அதற்குப் பிறகுதான் ஞாயிறு ஆரம்பம்.

போக இடம் மூன்றுதான் உண்டு. முதலாவது ஹைவே ஓரத்துப் பிரியாணி. ஒன்றரை மணிக்கு மேல் போனால் அண்டாவின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் வாசலிலேயே கேட்கும், கிடைப்பது குஸ்காவும் அனுதாபமும். இரண்டாவது கிருஷ்ணகிரிப் பக்கம் கே.ஆர்.பி. டேம். தென்பெண்ணை ஆற்று அணை, முழு நீர்மட்டம் 52 அடி, கீழே பூங்கா, வெளியே வறுத்த மீன். குழந்தைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்கு அங்கே ஒரு குறை, பொரித்த மீனைத் தாளில் வைத்துத் தின்றுவிட்டு வரலாமே தவிர சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட முடியாது. அதனால் கடைசியில் வண்டி திரும்புவது மூன்றாவது இடத்துக்குத்தான்: பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், ஒகேனக்கல்.

வெளியூர்க்காரர்கள் ஒகேனக்கல்லுக்கு அருவி பார்க்க வருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் மீன் குழம்புக்குப் போகிறார்கள், குழம்பு கொதிக்கிற இரண்டு மணி நேரத்தை எப்படியாவது கழிக்க வேண்டுமே என்று அருவியையும் பார்க்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள்தான் மாலை நாலு மணிக்கு, எண்ணெய் வழியும் தலையோடு, பசியில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பவர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, பிலிகுண்டுலுவை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் நீர்வரத்தை அளப்பது அங்கேதான். காலைச் செய்தியில் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்று சொல்வார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கர்நாடகத்தில் கபினி அணை நிரம்பித் திறந்துவிட்டால் ஓரிரு நாளில் தண்ணீர் இங்கே வந்துவிடும். நிறம் செம்மண்ணாக மாறும், மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போடும். “அங்க போய்ப் பாத்துக்கலாம் மாமா” என்று ஒரு மச்சான் எல்லா வீட்டிலும் இருப்பார். அவரை நம்பினால் பென்னாகரம் டீக்கடையிலேயே தடைச் செய்தி காதில் விழும். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: தடை பெரும்பாலும் பரிசலுக்கும் குளியலுக்கும்தான், குழம்புக்கும் சேர்த்துத் தடை வருவது பெருவெள்ளத்தில் மட்டும்தான். ஆடி பதினெட்டை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்கு வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் மீனுக்கு வயசாகிவிடும்.

வீட்டிலிருந்து எடுத்துப் போக வேண்டியது மிளகாய்த்தூள். பலர் செருப்பிலிருந்து செல்ஃபி குச்சி வரை எல்லாம் எடுப்பார்கள், இதை மறப்பார்கள். அங்கே மீன் ஒரு கடை, மசாலா ஒரு கடை, சமைத்துத் தருகிற அக்கா தனி. மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு. அவசரத்தில் வாங்குகிற பாக்கெட் தூளில் காரத்தைவிடக் கலர் அதிகம், வறுவல் சிவப்பாக மின்னும், நாக்கில் ஒன்றும் இருக்காது. எட்டுப் பேருக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசி வீட்டுக் குழம்புத்தூள், வறுவலுக்குத் தனி மிளகாய்த்தூள் ஐந்து கரண்டி, கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்தது, பூண்டு பதினைந்து பல், எலுமிச்சை அளவு புளி, ஒரு கரண்டி அரிசி மாவு, ஒன்றேகால் கிலோ அரிசி, அரை லிட்டர் கடலை எண்ணெய். வெங்காயத்தை வீட்டிலேயே உரித்துவிடுங்கள். அங்கே போய் உரித்தால் அரை மணி நேரம் போகும், அதைவிட முக்கியமாக, உரிக்கச் சொன்னது யார் என்ற பஞ்சாயத்து பரிசல் வரை தொடரும்.

மீன் வாங்குகிற இடத்தில்தான் வீட்டு ஆண்களின் மானம் தராசில் ஏறும். எல்லோரும் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. செவுள் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறி வழவழத்தால் நகர்ந்துவிடுங்கள். கண் வெளியே புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும், குழி விழுந்து பால் பூத்திருந்தால் அது நேற்று முந்தாநாள் சரக்கு. முதுகில் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலே எழ வேண்டும். கட்லாவும் ரோகுவும் வறுவலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் வால் பக்கம் ஒய் வடிவ முள் பின்னிக் கிடக்கும். குழந்தைகளுக்கு நடுத்துண்டு, வால் துண்டு மாப்பிள்ளைக்கு என்பது எழுதப்படாத சட்டம். கெளுத்திக்குச் செதிலும் இல்லை, பொடி முள்ளும் குறைவு, குழம்புக்கு அதுதான் ராஜா. கழுவும்போது அதன் பக்கத்து முள்ளில் கை வைத்தவர் மட்டும் இரண்டு நாள் அதை ராஜா என்று சொல்ல மாட்டார்.

கணக்கு முழு மீனில்தான். மூன்று கிலோ எடைபோட்டு வாங்கினால் செதில், குடல், செவுள் போக இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கையில் வரும். “முக்கா கிலோ எங்க போச்சு?” என்று அங்கே சண்டைக்கு நிற்பவர்களைப் பார்க்கலாம். அது கத்தி போட்ட இடத்திலேயே கிடக்கிறது, பூனை சாட்சி. தலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். குழம்புக்கு ருசி தலையில்தான்.

இப்போது சமையல். அக்காவிடம் மீனைக் கொடுத்துவிட்டு “நல்லா செஞ்சு வைங்கக்கா” என்று போய்விட்டால் அவர் வழக்கமாகச் செய்கிறதைச் செய்வார், அதுவும் மோசமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஒன்று, வறுவல் துண்டுகளில் தண்ணீர் முழுக்க வடிந்த பிறகே மசாலா ஏற வேண்டும். ஈரத்தோடு பிசறினால் தூள் மீனில் பிடிக்காது, எண்ணெயில் போட்டதும் உதிர்ந்து கல்லின் அடியில் கருகும், அந்தக் கருகல் அடுத்த ஈடு முழுவதும் கசக்கும். ஒரு கிலோ துண்டுக்கு மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, மஞ்சள்தூள் அரை ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி, உப்பு, ஒரு எலுமிச்சம்பழம், அந்த அரிசி மாவு. பிசறி அரை மணி நேரம் வைக்கட்டும்.

இரண்டு, கல்லில் போட்ட மீனைத் தொடக் கூடாது. எல்லாச் சமையல்காரிக்கும் பக்கத்தில் நின்று “திருப்புங்கக்கா, தீஞ்சிடப் போகுது” என்று சொல்கிற ஒருவர் இருப்பார். மீன் முதலில் இரும்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அடிப்பக்கம் மொறுமொறுப்பாகக் கட்டியதும் தானாகவே விட்டுக்கொடுக்கும். அதற்கு நாலைந்து நிமிடம் ஆகும். அதற்குள் கரண்டியை விட்டால் தோல் கல்லோடும் சதை கரண்டியோடும் வரும். அப்படி உடைந்ததை எல்லாம் சேர்த்து ‘புட்டு மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு’ என்று சாப்பிடுவது, திருப்பச் சொன்னவருக்குத் தரப்படும் தண்டனை.

குழம்பில் கடைசியாக விழ வேண்டியது மீன். வெந்தயம் தாளித்து, வெங்காயம் பூண்டு வதங்கி, தக்காளி கரைந்து, தூளும் புளியும் சேர்ந்து எண்ணெய் மேலே மிதக்கிற வரை கொதிக்க வேண்டும், விறகடுப்பில் அதற்கே இருபது இருபத்தைந்து நிமிடம். பிறகு மீன், எட்டு நிமிடம். அதன் பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது. சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். விவரமான அக்காக்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். அவர் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் துணியை எடுக்கிறதைப் பார்த்தீர்களானால், நிம்மதியாகத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

துண்டு எதற்கென்றால் எண்ணெய்க்கு. ஒகேனக்கல் மசாஜ் என்பது தடவல் அல்ல, விசாரணை. பாறையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையாலும் தபேலா வாசித்து, முதுகில் நீங்களே மறந்துபோன வலியைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்பார்கள். தொடங்குவதற்கு முன் தொகையைப் பேசிவிடுங்கள். பாதி முதுகில் பேரம் பேசுகிறவருக்கு மீதி முதுகு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். பழைய லுங்கி, பழைய சட்டை, வீட்டுச் சீயக்காய். வெள்ளை வேட்டியில் போனவர்கள் மஞ்சள் வேட்டியில் திரும்புவார்கள். சாப்பிட்ட பிறகு மசாஜ் வேண்டவே வேண்டாம். வயிறு நிறைந்து குப்புறப் படுத்தால் கெளுத்தி மேலே வரப் பார்க்கும்.

குளித்து முடித்தால் பரிசல். மூங்கில் கூடை, அடியில் தண்ணீர் புகாத பூச்சு, வட்ட வடிவம் என்பதால் முன் பின் என்று எதுவும் இல்லை. அதனால்தான் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் பம்பரமாகச் சுற்றும், ஓட்டுகிறவர் வேண்டுமென்றே சுற்றுவார். லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்தில் மாலையாகப் போடாமல் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். எடை சமமாக இருக்க வேண்டும். பெரியப்பா எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிர்ப்பக்கம் இரண்டு பேர். போட்டோவுக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் ஆபத்து, எழுந்து நிற்பது அதைவிட. சின்னாறு பரிசல் துறையில் ஞாயிறு பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். பத்து மணிக்குள் நின்றால் சிரமமில்லை. கூட்டமாக இருந்தால் தொங்கு பாலத்தில் நின்று கீழே சுற்றுகிறவர்களைப் பார்ப்பதும் ஒரு சவாரிதான், ஈரமாகாத சவாரி.

குரங்குகளைப் பற்றி ஒரே வரி: கையில் கவர் இருந்தால் அது உங்களுடையது இல்லை.

பன்னிரண்டரைக்குச் சட்டியைத் திறக்கலாம். அந்த நேரத்தில் எட்டுப் பேரும் பேசாமல் இருப்பதை அந்த வாரத்தில் முதன்முறையாகக் கேட்கலாம். எண்ணெய்க் குளியல், ஆற்றுத் தண்ணீர், விறகுப் புகை மூன்றும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோ அரிசி சரியாகப் போதும். ஒரு கிலோவோடு நிறுத்தியவர்கள் பக்கத்து அடுப்பில் கடன் கேட்டதுண்டு.

மிச்சக் குழம்பு கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும். தப்பு நடக்கிற இடமும் அதுதான். சூட்டோடு தூக்கில் ஊற்றி மூடினால் உள்ளே ஆவி ஏறி, பென்னாகரம் மலைப்பாதையின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே மூடியைத் தூக்கும். முழுக்க ஆறவிட்டு, முக்கால் பாகம் மட்டும் ஊற்றி, ரப்பர் வளையம் போட்ட மூடியை அடைத்து, கார் ஓட்டாத ஒருவரின் இரண்டு காலுக்கு நடுவில் வைக்க வேண்டும். அவர் தூங்கக் கூடாது. மேட்டில் இரண்டு வளைவுக்குள் குழந்தைகளில் ஒன்று “அம்மா, ஒரு மாதிரி இருக்கு” என்று சொல்லும். அதற்கு ஜன்னல் பக்கத்து இருக்கையும் ஒரு எலுமிச்சம்பழமும். வண்டியை வனப்பகுதியில் நிறுத்துவது நல்லதல்ல, யானை கடக்கிற பாதை அது. நாலு மணிக்குள் மலை ஏறிவிட்டால் இந்தக் கவலை எதுவும் இல்லை.

தூக்கு கவிழ்ந்துவிட்டதா? தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகாதீர்கள், புளியும் எண்ணெயும் விரிப்புக்கடியில் இறங்கிப் பொங்கல் வரை குடியிருக்கும். முதலில் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்து, சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் தட்டி எடுங்கள். பிறகு சோப்புத் துணி. கடைசியில் ஒரு கிண்ணத்தில் காப்பித்தூளை வைத்துக் கதவை மூடுங்கள். வாசனை குறையும். முழுக்கப் போகாது. அடுத்த வாரம் அந்தக் காரில் ஏறுகிற சம்பந்தி “ஒகேனக்கல் போனீங்களா?” என்று கேட்பார், கூப்பிடவில்லையே என்ற அர்த்தத்தில்.

கவிழாமல் வந்ததென்றால் திங்கள் காலை களி கிண்டலாம். ஒரு கைப்பிடி அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, இரண்டு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கேழ்வரகு மாவைக் குவியலாக மேலே கொட்டி, கிளறாமல் ஐந்து நிமிடம் மூடி வைத்து, அதன் பிறகே துடுப்பைப் போட்டுக் கட்டியில்லாமல் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. உருண்டை பிடித்து நடுவில் குழி செய்து, ராத்திரி முழுக்கப் புளியில் ஊறிய கெளுத்தித் தலைக் குழம்பை அதில் ஊற்றினால், ஆபீசுக்குக் கிளம்பியவர் பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு உருண்டை கேட்பார்.