பத்தமடைக் குறிப்புகள்

பிப்ரவரி 11

திருநெல்வேலி மாவட்டப் பத்தமடையில் காலையில் பாய் நெய்கிறவர்களின் குழுக் கூட்டம். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒரு லாத்தா (அக்காவை இங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள்) நேராகவே சொல்லிவிட்டார்: "நாங்க இங்க உக்காந்தா அங்க பாய் அப்படியே நிக்கும் தம்பி." அடுத்தது நெசவுப் பயிற்சி முகாமாம். தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்கிற வீட்டுக்கு நெசவுச் சான்றிதழ்! வேண்டாம் என்று மேலே எழுதிப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14

இனிமேல் கூட்டம் கிடையாது, வீடு வீடாகத்தான் போவது. தறி ஓடும்போது பேசினால் யாருக்கும் வேலை கெடாது.

இன்று பாய்க்கான கோரைப் புல்லைக் கீறுவதைப் பார்த்தேன். பச்சைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் சாயம். சிவப்புக்கு முன்பெல்லாம் சப்பங்கிக் கட்டை, இப்போது கடைப்பொடி. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல். அந்த நூல் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் கவுண்ட். பட்டுப்பாய், அதாவது பட்டுப்போல மெலிசான பாய் என்றால் 100 கவுண்டில் தொடங்கி 140 வரை போகும். கவுண்ட் ஏற ஏறக் கோரையை இன்னும் மெலிசாகக் கீற வேண்டும், கண்ணும் விரலும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒரு பாய் தறியிலிருந்து இறங்க வாரக்கணக்காகும். அதுவரை அடுப்பு எப்படி எரியும்? வியாபாரியிடம் முன்பணம். வாங்கிவிட்டால் விலை சொல்வது அவர்.

நான் பார்த்தவரை சிக்கல் முழுக்க இந்த இடைக்காலத்தில்தான் இருக்கிறது. தெரியாத வேலையை யாரும் செய்யவில்லை.

பிப்ரவரி 20

சென்னையிலிருந்து வந்தவர்கள் 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பாய் போன கதையைக் கேட்டார்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

போகும்போது பிளாஸ்டிக் பாயோடு விலையை ஒப்பிட்டுப் பேரம். லாத்தா ஒன்றும் சொல்லாமல் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

மார்ச் 3

கல்யாணப் பாய் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, மாப்பிள்ளை பெண் பெயரோடு. பாதிப் பணம் முதலிலேயே வேண்டும் என்றேன். பெண்ணின் அப்பா தயங்கினார். தறியில் 50 கவுண்ட், 120 கவுண்ட் இரண்டையும் அருகருகே வைத்து வீடியோ எடுத்து அனுப்பினேன். சாயங்காலமே பணம் வந்துவிட்டது. விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் வாங்குகிறவர்களுக்கும் புரியத்தான் செய்கிறது.

கோரை வாங்க ஒரு சுழல்நிதி, அதாவது எடுத்துத் திருப்பிப் போடும் பொதுப்பணம் இருந்தால், ஆர்டர் இல்லாத மாதத்திலும் முன்பணத்துக்கு ஓட வேண்டாம். அதற்கான கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9

இந்த ஊர்ப் பாய்தான் என்று சட்டப்படி காட்டும் புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்தாலும், அதைச் சொல்லி விற்க நெய்கிறவர் தனித்தனியாகப் பதிய வேண்டும். சட்டம் 1999-இல் வந்தது. பதிவுக் கட்டணத்தை 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பணம் தடையில்லை. படிவம்தான் தடை. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. "எந்தப் பேர்ல நெய்யட்டும்?" என்று லாத்தா சிரிக்கிறார்.

நாளை பெயர் திருத்தத்துக்கு இ-சேவை மையம். கூட்டம் சேரும் முன் முடித்துத் தந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணப் பாயில் பாவு ஓட்டியாயிற்றாம்.