இரண்டு துறை, ஒரு கடிகாரக்காரர்

சினிமாவையும் சமூக மானுடவியலையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றால், கேட்பவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுவார்கள். "அப்ப டைரக்டர் ஆகப்போறியா?" நானும் தலையாட்டிவிடுவேன். மானுடவியல் என்ன என்று விளக்க ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

முதல் வருடச் சிரமமெல்லாம் நேர அட்டவணைதான். இங்கே திரையிடல் இருக்கும் நேரத்தில்தான் அங்கே கருத்தரங்கு வரும். இரண்டு துறையும் நான் தங்களுக்கு மட்டும்தான் மாணவன் என்ற நினைப்பில் வாசிக்கக் கொடுக்கும். 1922 மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொது. மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி பசிபிக்கின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் செய்த ஆய்வு நூலாக வந்த அதே ஆண்டில்தான், ஆர்க்டிக்கின் இன்யூட் மக்களைப் பற்றி ஃப்ளாஹெர்டி எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படமும் வந்தது. பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று, ஒரு பக்கம் திறந்த பாதி வீட்டைக் கட்டி அதில் படம் பிடித்தார்கள். நானூக் என்பதும் நாயகனின் சொந்தப் பெயர் இல்லை. அவர் பெயர் அல்லகாரியல்லக். சினிமா வகுப்பில் "எப்படி எடுத்தார்?" என்று கேட்டார்கள். மானுடவியல் வகுப்பில் "யாருக்காக மாற்றினார்?" என்றார்கள். அந்த ஒரு பனிவீட்டை வைத்தே இரண்டு கட்டுரை தேற்றினேன்.

ஆட்டம் கண்டது கடைசி வருடப் படத்தில்தான்.

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவரை எடுப்பதாக முடிவு. ஒரு மாதம் கேமரா இல்லாமல் போய் உட்கார், குறிப்பு மட்டும் எடு என்றார் மானுடவியல் நெறியாளர். சினிமாத் துறையிலோ கேமரா கையில் கிடைப்பதே இரண்டு வாரம்தான். சரி என்று நோட்டோடு போனேன், அப்புறம் கேமராவோடு போனேன். ஒப்புதல் படிவத்தை அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் எனக்கு ஒண்ணு தருவியா தம்பி?" என்றார். தருவதாகச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார்.

மொத்தம் 6 மணி நேர ஃபுட்டேஜ். தொகுக்க உட்கார்ந்தால் ஒரே தலைவலி: மனிதர் வாயை மூடவே இல்லை. எனக்கு வேண்டியது சாமணம் உலோகத்தில் உரசும் சத்தம், மூடி திறக்கும் 'டிக்'. பேச்சையெல்லாம் வெட்டி எறிந்தேன். கண்ணில் லென்ஸ், குனிந்த தலை, மயிரிழை ஸ்பிரிங்கைத் தூக்கும் விரல்கள் என்று 12 நிமிடம். பார்க்கத் தியானம் மாதிரி இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஜான் ரூஷும் எட்கர் மோரானும் 1960இல் பாரிசில் எடுத்த ஆவணப்படத்தில், அதில் வந்தவர்களுக்கே அதைப் போட்டுக்காட்டி, அவர்கள் பேசியதையும் படத்தில் சேர்த்திருப்பார்கள். அதைப் படித்த தோஷத்துக்காக நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

பெரியவர் முழுசாகப் பார்த்தார். "நல்லாருக்கு. ஆனா நான் என்ன ஊமையா?"

அசடு வழிந்தேன். அவரே தொடர்ந்தார். கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டதும் எதிரே நிற்பவர் முகம் செத்துவிடுமாம். "அது அவங்க அப்பா கட்டினதா இருக்கும். பேசிக்கிட்டே இருந்தா கண்ணு என் மூஞ்சில இருக்கும், பாகத்துல போகாது."

ஒரு மாதம் உட்கார்ந்து குறிப்பெடுத்தவனுக்கு இது தெரியவில்லை. நோட்டைப் புரட்டினால், 'நிறையப் பேசுகிறார்' என்று ஒரே ஒரு வரி எழுதி, கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன்.

சமர்ப்பிக்க 9 நாள் இருந்தது. திரும்பத் தொகுத்தேன். பேச்சு உள்ளே வந்தது, குளோசப்பில் பாதி வெளியே போனது, படம் 17 நிமிடமானது. நடுவில் தொய்வு என்றது சினிமாத் துறை. வாடிக்கையாளர்களிடம் ஏன் பேசவில்லை என்றது மானுடவியல். இரண்டும் நியாயம்தான். மதிப்பெண்ணும் இரண்டிலும் சுமார்.

சொன்னபடி படத்தைப் பென் டிரைவில் போட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"முதல்ல காட்டினியே, அது இருக்கா தம்பி? அதுல கை அழகா விழுந்திருந்துச்சு."