கயிற்றில் ஏறி வந்த வைரஸ்

ரங்கூன் நகர மையத்தில் எங்கள் கட்டடம் மாதிரியான பழைய கட்டடங்களுக்கு லிப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. செய்தித்தாள், மொஹிங்கா என்ற நூடுல்ஸ் பொட்டலம், ரசீதுகள் எல்லாம் அந்தக் கயிற்றில்தான் ஏறி வரும். போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே பென் டிரைவ். கீழே பெரியப்பா மகள் நின்றுகொண்டிருந்தார். கோயிலில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் அவர் ஆசிரியை.

"தம்பி, வினாத்தாள் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. சரிசெய்து வை, நாளைக்குக் காலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஐந்தாம் மாடிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

இந்த வேலை எனக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. வகுப்பின் பழைய பாடங்கள் எல்லாம் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. அந்த எழுத்துருக்கள் என் விண்டோஸ் 7 கணினியில் மட்டும்தான் மிச்சம் இருக்கின்றன. (பர்மிய எழுத்துக்கும் இதே தலைவலி இருந்தது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே ஒருங்குறிக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள். ஜாவ்ஜி எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகள் இன்னும் எங்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு.) பென் டிரைவைச் செருகினேன், 'வினாத்தாள்' என்ற உறையை (ஃபோல்டரை) திறந்தேன், எழுத்துருவை மாற்றினேன், பி.டி.எப். ஆக்கினேன், மறுநாள் காலையில் கயிற்றிலேயே இறக்கிவிட்டேன். எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னுடைய சொந்தப் பென் டிரைவைத் திறந்தபோதுதான் கவனித்தேன். எல்லா உறைகளின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அப்பாவின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த உறையின் அளவைப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றரை கிலோபைட். மூன்று மாத உழைப்பு ஒன்றரை கிலோபைட்டா என்று ஒரு நிமிடம் கை நடுங்கியது.

பிறகு நிதானம் வந்து, அம்புக்குறி உள்ள ஒன்றின் மேல் வலது சொடுக்கு செய்து பண்புகளைத் திறந்தேன். இலக்கு என்ற கட்டத்தில் என் உறையின் பெயருக்கு முன்னால் கறுப்புத் திரைக் கட்டளை நிரலின் பெயர். அதற்குப் பின்னால், 'இந்த வி.பி.எஸ். கோப்பைத் தொடங்கு, பிறகு இந்த உறையைத் திற, பிறகு மூடிக்கொள்' என்று மூன்று வேலை (வி.பி.எஸ். என்பது விண்டோஸ் நேரடியாக ஓட்டும் சிறு நிரல்). முதலில் அது தன் காரியத்தை முடித்துக்கொண்டு, பிறகு நாம் கேட்டதையும் திறந்து கையில் கொடுத்துவிடுகிறது. கேட்டது கிடைத்துவிட்டால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்தச் சனிக்கிழமை நானும் படவில்லை.

அந்த அம்புக்குறி, இது உறை இல்லை, குறுக்குவழி என்பதற்கான அடையாளம். இந்தக் குறுக்குவழித் தந்திரம் பரவியதற்கு ஒரு பின்னணி உண்டு. முன்பெல்லாம் பென் டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் மூலம் வைரஸ் ஓடும். விண்டோஸ் 7 அதை நிறுத்தியது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் அந்தத் தடையைத் தானியங்கிப் புதுப்பிப்பாக அனுப்பியது. தானாக ஓட வழியில்லாமல் போனதும், நம் கையாலேயே சொடுக்க வைக்கும் வகைகள் பெருகின. நாம் வைரஸ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சரியாகப் பார்த்தால் இது தானே பிரதியெடுத்துப் பரவும் புழு வகை.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவு. என் ஸ்கேனருக்கான குறுந்தகடு எப்போதோ தொலைந்துவிட்டது. எழுத்துருக்களை எங்கிருந்து எடுத்தேன் என்பதும் மறந்துவிட்டது. நிறுவமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். கையாலேயே எடுப்பது என்று முடிவு. வைரஸ் தடுப்பு மென்பொருளின் சந்தா எப்போதோ முடிந்திருந்தது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட்டின் பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2020 ஜனவரி 14ஓடு நின்றுபோனது. இவையெல்லாம் என் சோம்பேறித்தனம். பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

முதல் முயற்சி ஞாயிற்றுக்கிழமை. மின்சாரம் நான்கு மணி நேரம் இருக்கும், நான்கு மணி நேரம் இருக்காது என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருந்த நாட்கள். ஒன்பது மணிக்குக் கரன்ட் வந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அதில் 'கட்டளை வரி' என்ற பத்தியைக் கூடுதலாகக் காட்டச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எந்த நிரல் எந்தக் கோப்பை ஓட்டுகிறது என்று தெரியும். டபிள்யூஸ்கிரிப்ட் என்ற நிரல் ஓடிக்கொண்டிருந்தது. அது விண்டோஸுக்கே சொந்தமான நல்ல நிரல்தான். ஆனால் அதன் எதிரே தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் உறையில் இருக்கும் அர்த்தமில்லாத பெயர் கொண்ட ஒரு வி.பி.எஸ். கோப்பு எழுதியிருந்தது. பிழைச் செய்தி எதையும் திரையில் காட்டாதே என்ற ஒரு குறியும் கூடவே.

அந்தக் கோப்பை அழிக்கப் போனால், வேறொரு நிரல் இதைத் திறந்து வைத்திருக்கிறது என்று மறுப்பு. சரி, கணினி தொடங்கும்போதே அதை ஓட வைக்கும் ரெஜிஸ்ட்ரிப் பதிவையாவது (ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் இருக்கும் கிடங்கு, அதன் பிரிவுகளுக்குச் சாவி என்று பெயர்) நீக்குவோம் என்று ரன் என்ற சாவியில் அதன் பெயரைத் தேடி அழித்தேன். பட்டியலைப் புதுப்பிக்கும் எப் 5 அழுத்தினேன். இல்லை. மகிழ்ச்சி. எதற்கும் இன்னொரு தடவை என்று எப் 5. இருக்கிறது! மறுபடி அழித்தேன், விரல் விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எப் 5. அதே பெயர், அதே இடம். ஏழெட்டு முறை விளையாடிப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் வந்துவிடுகிறது.

எங்கள் கட்டடத்தின் பின்சுவரில் கழிவுநீர்க் குழாயை ஒட்டி ஓர் அரசங்கன்று முளைக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் வெட்டுவோம், ஒவ்வொரு மழைக்காலமும் வரும். அதன் ஞாபகம்தான் வந்தது.

டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு உடனே கோப்பையும் பதிவையும் அழித்தேன். இந்த முறை திரும்பவில்லை. ஒரு மணிக்குக் கரன்ட் போனது, ஐந்து மணிக்கு வந்தது. கணினியைப் போட்டேன். டாஸ்க் மேனேஜரில் டபிள்யூஸ்கிரிப்ட் உட்கார்ந்திருந்தது.

இனி எதிரியைப் படிக்காமல் வெட்டுவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. கோப்பின் ஒரு நகலை, வலது சொடுக்கில் 'திருத்து' என்பதைத் தேர்ந்து நோட்பேடில் திறந்தேன். (இருமுறை சொடுக்கினால் ஓடிவிடும். அந்த ஒரு நொடியில் மட்டும் விரல் கட்டுப்பாடு வேண்டும்.) இந்த வகைப் புழுக்களைப் பெரும்பாலும் குழப்பி, புரியாத எழுத்துக்குவியலாக்கித்தான் அனுப்புவார்கள். எனக்கு வாய்த்தது அப்பட்டமாக, தலையிலேயே 'ஹூடினி' என்ற கையொப்பத்தோடு இருந்தது. எந்தக் கட்டையும் அவிழ்த்துத் தப்பித்த வித்தைக்காரரின் பெயர், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் இதே குடும்பத்தை ஜென்க்ஸ்கஸ் என்று அழைக்கிறது. இது தொடர்புகொள்ளும் இணைய முகவரிகளை முடக்க 2014 ஜூனில் நீதிமன்ற ஆணை வாங்கி இறங்கியது அந்த நிறுவனம். பத்தாண்டு தாண்டியும் அதன் ஒரு பிள்ளை எங்கள் வீட்டுக் கயிற்றில் ஏறி வந்திருக்கிறது.

நிரல் எழுதத் தெரியாதவன்கூட மெதுவாகப் படித்தால் புரிந்துகொள்ளலாம். ஒரு வளையம். அதன் கடைசியில் 5000 என்ற எண். மில்லிநொடிக் கணக்கு, அதாவது ஐந்து நொடித் தூக்கம். நான் விரல் விட்டு எண்ணியது இதைத்தான்! ஒவ்வொரு விழிப்பிலும் அது செய்யும் வேலைகள்: ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனருக்கான ரன் சாவியில் ஒரு பதிவு, கணினி முழுமைக்குமான ரன் சாவியில் இன்னொரு பதிவு, டெம்ப் உறையில் ஒரு பிரதி, பயனர் உள்ளே வந்ததும் தானாக ஓட வேண்டியவை இருக்கும் ஸ்டார்ட்அப் உறையில் ஒரு பிரதி. நான் முதல் முயற்சியில் கண்டது இவற்றில் பாதியைத்தான். ஸ்டார்ட்அப் உறை இருக்கிறது என்பதே நினைவுக்கு வரவில்லை.

இணையம் இருந்தால் வெளியே யாரிடமோ கட்டளை கேட்டு நடக்கும் பகுதியும் உண்டு. அதைப் படித்த உடனே கைப்பேசியை எடுத்துக் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். கைப்பேசிக்குப் பயமில்லை என்பதும் அந்த நிரலிலிருந்தே தெரிந்தது. கழற்றி மாட்டும் வகை டிரைவ் என்று விண்டோஸ் அடையாளம் காட்டுவதை மட்டும்தான் அது தொடுகிறது. கேபிளில் செருகிய என் கைப்பேசி அந்தக் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதன்முதலாக ஓடும்போது, தான் பென் டிரைவிலிருந்து வந்தேனா இல்லையா என்பதையும் அன்றைய தேதியையும் ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரிலேயே ஒரு சாவி போட்டு எழுதி வைக்கிறது. போய்ப் பார்த்தேன். 'ட்ரூ' என்ற சொல், ஒரு சிறு கோடு, பக்கத்தில் அந்தச் சனிக்கிழமையின் தேதி. திருடன் தான் வந்த நாளை வாசல் கதவில் எழுதிவிட்டுப் போன மாதிரி. அக்காவுக்குத் தொலைபேசினேன். அன்று மதியம் வினாத்தாளை நகலெடுக்க ஒரு கடைக்குப் போயிருந்தாராம்.

"கடைப் பையன் பென் டிரைவைச் செருகிப் பார்த்தான், எழுத்து வரவில்லை என்றான், அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன்" என்றார்.

இரண்டாம் முயற்சிக்குச் சேஃப் மோடு. எப் 8 ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் வரும். அந்த நிலையில் விண்டோஸ் ரன் சாவிகளையும் ஸ்டார்ட்அப் உறையையும் கண்டுகொள்ளாது, ஆகவே புழு தூங்கிக்கொண்டிருக்கும். நான்கு இடத்தையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இருபது நிமிட வேலை. மறுதொடக்கம் செய்து டாஸ்க் மேனேஜரை அரை மணி நேரம் வெறித்துப் பார்த்தேன். சுத்தம். வீட்டில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், அதுதான் தப்பு.

புதன்கிழமை இரவு அது திரும்பி வந்திருந்தது.

பென் டிரைவ் எதையும் நான் செருகவில்லை. இணையமும் இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் டாஸ்க் மேனேஜரின் கட்டளை வரியை முழுதாக இழுத்துப் படித்தேன். டெம்ப் உறைதான், ஆனால் பாதையில் இருந்தது என் பெயர் இல்லை, மகளின் பெயர்! பள்ளிக்கூட வேலைக்காக அவளுக்கு அதே கணினியில் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தேன். கணினி முழுமைக்குமான ரன் பதிவு யார் உள்ளே வந்தாலும் புழுவை ஓட்டும். அப்படி ஒருநாள் அவள் கணக்கில் ஓடி, அவளுடைய டெம்ப்பிலும் அவளுடைய ஸ்டார்ட்அப்பிலும் தனியாகக் குடிவைத்துவிட்டது. நான் என் அறையைப் பெருக்கிவிட்டு வீடு சுத்தம் என்று சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை அவள் உள்ளே வந்ததும் பொதுப் பதிவு மறுபடி எழுதப்பட்டு, அடுத்து நான் வந்தபோது என்னையும் பிடித்துக்கொண்டது.

"அப்பா, நீங்கள் எடுத்துவிட்டேன் என்று சொன்னதால்தானே திறந்தேன்" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

பொதுப் பதிவை அது இத்தனை எளிதாக எழுத முடிந்ததற்கும் நானே காரணம். மாற்றம் செய்யும்போதெல்லாம் அனுமதி கேட்கும் அந்தக் கட்டம் தொல்லை என்று பல வருடங்களுக்கு முன்பே அதை அணைத்துவைத்து, இரண்டு கணக்கையும் நிர்வாகி உரிமையோடு விட்டிருந்தேன்.

மூன்றாம் முயற்சி சனிக்கிழமை விடிகாலை. மறுபடி சேஃப் மோடு, இரண்டு பயனர் கணக்கு, ஏழு இடம். அனுமதிக் கட்டத்தைத் திரும்ப இயக்கினேன், மகளின் கணக்கைச் சாதாரணக் கணக்காக இறக்கினேன். அதன் பிறகு கணினி திரும்ப நோய்ப்படவில்லை. இன்றோடு மூன்று வாரம்.

பென் டிரைவ்கள் பாக்கி. உள்ளே இருக்கும் கோப்புகளை அது அழிப்பதில்லை, மறைக்கிறது. அதுவும் முதல் அடுக்கில் இருப்பதை மட்டும். மறைத்த கோப்புகளைக் காட்டு என்று சொன்னாலும் தெரியாது, ஏனென்றால் மறைவு என்பதோடு 'சிஸ்டம் கோப்பு' என்ற முத்திரையையும் சேர்த்துக் குத்திவிடுகிறது. பண்புகளில் போய்ப் பார்த்தால் மறைவுக்கான கட்டம் மங்கிக் கிடக்கும், சொடுக்க முடியாது. கறுப்புத் திரையில் அட்ரிப் கட்டளைதான் வழி: எச் (மறைவு), ஆர் (படிக்க மட்டும்), எஸ் (சிஸ்டம்) மூன்றுக்கும் முன்னால் கழித்தல் குறி, டிரைவின் எழுத்து, நட்சத்திரம், உறைகளுக்கும் சேர்த்து என்பதற்குச் சாய்கோடும் டி-யும். பிறகு எல்.என்.கே. என்று முடியும் குறுக்குவழிகளையும் அந்த வி.பி.எஸ். கோப்பையும் அழிக்க வேண்டும். அந்தத் திரையில் தமிழ்ப் பெயர்களும் பர்மியப் பெயர்களும் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தன. நட்சத்திரம் இருக்கும்போது பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்பதால் பிழைத்தேன். என்டர் தட்டியதும் அப்பாவின் உறை அம்புக்குறி இல்லாமல் வந்து நின்றது. திறந்தேன். முதல் படத்தில் தாத்தா, கடை வாசலில், லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு.

கடைசியாக ஒரு காரியம். எங்கள் வீட்டில் வி.பி.எஸ். நிரல் எதற்கும் வேலை இல்லை என்பதால், அவற்றை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற வசதியையே ரெஜிஸ்ட்ரியில் 'எனேபிள்ட்' என்ற மதிப்பைப் பூஜ்யமாக்கி முடக்கினேன். சோதிக்க வேண்டுமே. அக்காவின் பென் டிரைவை மறுபடி வரவழைத்தேன். அதே கயிறு, அதே பிளாஸ்டிக் பை. அதை இன்னும் சுத்தம் செய்யவில்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டு, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்புக்குறியுள்ள 'வினாத்தாள்' உறையை வேண்டுமென்றே இருமுறை சொடுக்கினேன். உறை வழக்கம்போலத் திறந்தது. அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி வந்தது: இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் முடக்கப்பட்டிருக்கிறது, விவரங்களுக்கு உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளுங்கள்.

"யாரப்பா அது நிர்வாகி?" என்று கேட்டாள் மகள்.