மோரிஸ் மைனருக்கு வயரிங் மாற்றிய அனுபவம்

"அண்ணே, ஃபியூஸ் நல்லாத்தானே இருக்கு, பொறகு எப்படிப் பொகை வந்துச்சு?"

பழைய கார் பட்டறைக்குள் நுழையும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். ஜார்ஜ் டவுனில் நாங்கள் பிரித்த 1967 மோரிஸ் மைனர் 1000 அதற்கு நல்ல பதில். அந்தக் காரில் வேலை செய்யும் ஃபியூஸ் மொத்தமே இரண்டு. பழுப்பு வயர் பேட்டரிப் பக்கத்திலிருந்து நேராக லைட் சுவிட்சுக்குப் போகிறது. வெள்ளை வயர் இக்னிஷனிலிருந்து காயிலுக்கும் (பிளக்கில் பொறி உண்டாக்குவது) எஸ்.யூ. கம்பெனி பெட்ரோல் பம்புக்கும் போகிறது. இந்த இரண்டு வழியிலும் ஃபியூஸே கிடையாது. புகை வந்ததும் பழுப்பு வயரில்தான். ஃபியூஸுக்கு அங்கே வேலையே இல்லை, பிறகு அது எப்படிப் போகும்?

இருக்கிற இரண்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இந்தக் காரின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று போட்டிருந்தால், 35 ஆம்பில் அது உருகும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்ப் மட்டுமே. இன்றைக்குக் கடையில் "35 கொடுங்க" என்று வாங்கினால் கிடைப்பது 35 ஆம்பைத் தொடர்ந்து தாங்கும் ஃபியூஸ். அதற்கு முன்னால் வயர் உருகிவிடும். போன ஃபியூஸில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுற்றியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. நெகடிவை முதலில் கழற்று என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த வண்டியில் அது ஆபத்து, ஏனென்றால் பாடியில் பிணைத்திருப்பது பாசிட்டிவ். நெகடிவில் ஸ்பேனரை வைத்து அது பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். பாடிக்குப் போகும் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும்.

அதற்கு முன், பேட்டரி இருக்கும்போதே ஓர் அளவு எடுத்துக்கொண்டோம். யாரோ 60/55 வாட் ஹாலோஜன் பல்ப் மாட்டியிருந்தார்கள். ஹை பீமில் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 9 ஆம்ப். பேட்டரி முனையில் 12.4 வோல்ட், பல்ப் முனையில் 10.6. தொலைந்த 1.8 வோல்ட்டில் 1.1 வோல்ட் லைட் சுவிட்சின் இரு முனைகளுக்கு நடுவிலேயே போயிருந்தது. 1.1-ஐ 9 ஆம்பால் பெருக்கினால் ஏறக்குறைய 10 வாட். டாஷ்போர்டுக்குப் பின்னால், காய்ந்த பி.வி.சி. வயர் உறைக்கும் பழைய அட்டைக்கும் நடுவே, இரவு ஓட்டும் நேரமெல்லாம் இந்தச் சூடு. வெளிச்சம் மங்குகிறதே என்று இன்னும் பெரிய பல்ப் போடுவார்கள். அப்போது சூடு இன்னும் ஏறும்.

எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகரத்தில் வயர் நுழையும் துளையை வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையம் கல்லாகி, ஒரு பக்கம் உடைந்து விழுந்திருந்தது. பழுப்பு வயரின் உறை அங்கே தகரத்தில் உரசி, நக அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. அதை விரலால் வளைத்தால் சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. உள்ளே கம்பி கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. எஞ்சின் சூடு உறையின் நெகிழ்வை எடுத்துவிட, விரிசல் வழியே கடற்காற்றின் ஈரம் புகுந்துவிடுகிறது. எரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது வீண் வேலை. அடுத்த ஒரு சாண் தள்ளி அதே நிலைமைதான்.

பழைய வயர்த் தொகுப்பை அறுக்காமல் முழுதாக வெளியே எடுத்து, பலகையில் விரித்து ஆணி அடித்து, அதே வடிவில் புதிதைக் கட்டினோம். முக்கிய பழுப்பு வயர் 3 சதுர மி.மீ., ஹெட்லைட்டுக்கு 2, மற்றதெல்லாம் 1. லூகாஸ் நிறங்களை மாற்றவில்லை. மாற்றினால் அடுத்து கை வைப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். முனைகளை ஈயம் வைத்துப் பற்றாமல் கிரிம்ப் செய்தோம், அதாவது இடுக்கியால் நசுக்கிப் பிணைத்தோம். ஈயம் ஊறிய இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் கம்பி அறும். சாதாரண இன்சுலேஷன் டேப் நம் ஊர் வெயிலில் பிசினாகிவிடும், அதனால் துணி டேப்.

சேர்த்தவை: ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) அருகே, ஒரு சாணுக்குள், 30 ஆம்ப் பிரதான ஃபியூஸ். பம்புக்கு 5 ஆம்ப். இடது, வலது, ஹை, லோ நான்குக்கும் தனித்தனியே 10 ஆம்ப், ஒன்று போனால் ரோடே இருட்டாகிவிடக் கூடாதே. ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் ஒவ்வொரு ரிலே, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பழைய நீலம்-வெள்ளை, நீலம்-சிவப்பு வயர்கள் இப்போது ரிலேயை இயக்க மட்டுமே, 0.2 ஆம்புக்கும் குறைவு. ரிலேக்குள் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடுவது) இருந்தால், அதை இயக்கும் 85, 86 முனைகளைப் பார்த்துப் பூட்டுங்கள். பாசிட்டிவ் எர்த் காரில் தலைகீழாக மாட்டினால் அந்த டயோடே ஷார்ட்.

கரண்ட் கொடுக்கும் முன் ஒரு தந்திரம். எர்த் கேபிளை நேராகப் பூட்டாமல், நடுவில் 21 வாட் பிரேக் பல்பைத் தொடராகக் கோத்தோம். எங்கே ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்புக்கு மேல் ஓடாது, பல்ப் எரியுமே தவிர வயர் எரியாது. லைட் சுவிட்சைப் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. தேடினால், பின் நம்பர் பிளேட் விளக்கின் முனை தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்து, கேபிளை நேராகப் பூட்டி, ஹை பீமை இருபது நிமிடம் எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்த்தோம். இழப்பு 0.3 வோல்ட். சுவிட்ச் சில்லென்று இருந்தது.