கொதித்த வண்டியும் போர்வெல் தண்ணீரும்

காசிமேட்டில் மீன் ஏற்றிக்கொண்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது, எங்கள் பழைய டீசல் பிக்கப்பின் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. என்ஜினும் மிஸ்ஸிங் அடித்து உதறத் தொடங்கியது. மெக்கானிக், என்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார். 82 டிகிரி என்று பொறித்திருந்த அது ஒழுங்காகவே திறந்தது. மறுநாள் காலை, ஆறியிருந்த என்ஜினை ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தபோது, தண்ணீரில் விடாமல் குமிழிகள் கிளம்பின. என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் பகுதியான ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டரின் அழுத்தம் நீர்ப்பாதைக்குள் கசிந்ததால்தான் சூடும் உதறலும் சேர்ந்தே வந்திருக்கின்றன. கேஸ்கெட் போனதற்குக் காரணம் நான்தான்: ரேடியேட்டருக்கான கூலன்ட் திரவம் வாங்கச் சோம்பிப் பல மாதங்களாக ஊற்றிய உப்புப் போர்வெல் தண்ணீர், ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளையாகப் படிந்து பாதியை அடைத்திருந்தது; அதனால் ஏறிய சூட்டில்தான் கேஸ்கெட் போனது.